ஜிலேபி மட்டும் எப்படிப் பிழைத்தது?

திருப்பூர் அருகே பெருமாநல்லூர் வட்டாரக் குளம் குட்டைகளில் தூண்டில் போட்டால் பெரும்பாலும் சிக்குவது ஜிலேபிக் கெண்டைதான். நம்ம ஊர் மீன் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது 1952-ல்.

அது இங்கே நிலைத்ததில் பனியன் தொழிலுக்கும் பங்கு உண்டு என்பேன். தண்ணீரில் நனைந்த பருத்தி இழையும் சாயமும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அதைத் தணித்துச் சாயத்தை இழையில் ஏற்றத்தான் சாயப்பட்டறையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியேறிவிடும். அப்படித்தான் நொய்யல் ஆறும், அதன் குறுக்கே 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையும் உப்பேறின. நம் நன்னீர்க் கெண்டைகளால் அதைத் தாங்க முடியாது. ஜிலேபியோ கடல்நீரிலும் வாழும். மிகையான உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளிவிடும். போதாததற்கு, முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் சேதமும் குறைவு.

நம் விராலும் லேசுப்பட்டதல்ல. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருப்பதால், குட்டை வற்றினாலும் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மேலே வந்து காற்றை விழுங்க முடியாமல் போனால் செத்துவிடும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் மொய்க்க, பெரிய மீன் கீழே காவல் நிற்கும். ஆனால் அது பழகியது வறட்சிக்கு, சாயக் கழிவுக்கு அல்ல.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியேவிடாமல் சுத்திகரிக்கும் முறை இருந்தால்தான் பட்டறையைத் திறக்க முடியும் என்றானது. 2024 ஆகஸ்டில் பக்கத்து நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீரைக் கொண்டுவருகிறது. பறவைக்கு விழா எடுக்கிறோம். அது தின்னும் மீனை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தண்ணீர் வந்துவிட்டது, இனி அதில் எதை விடுகிறோம் என்பதே கேள்வி. வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்த மீனைக் குளத்தில் கொட்டாதீர்கள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை வாங்கவே வாங்காதீர்கள். குஞ்சோடு நிற்கும் விராலைப் பிடிக்காதீர்கள். உங்கள் ஊர்க் குளத்தில் மீன் குஞ்சு விடும்போது விரால், ஆரால் போன்ற நம் மீன்களைக் கேளுங்கள். ஜிலேபியை யாரும் விட வேண்டியதில்லை, அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது.