குளிர்ப்பெட்டியும் குதிரும்

வீட்டில் உணவுப் பொருளைச் சேர்த்து வைப்பதற்கும் ஒரு விஞ்ஞானமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் கேட்டேன். அடுக்களை என்பது அம்மாவின் ஆட்சி; குளிர்ப்பெட்டி என்பது கதவைத் திறந்தால் விளக்கெரியும் ஒரு பெட்டி; இதற்கு மேல் அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தை 2020-ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கு மாற்றிவிட்டது. அப்போது எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு பிழையையும், அதற்கான காரணத்தைப் பின்னர் நான் படித்தறிந்ததையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் கொல்லயில். திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் பக்கத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கு அப்பால் களியக்காவிளை. எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பாவுக்குத் தையல் தொழில். வீட்டில் அப்பா, அம்மா, ஆச்சி, நான், தம்பி என ஐந்து பேர்.

2020 மார்ச்சு 23 அன்று கேரள அரசு ஊரடங்கை அறிவித்தது. மறுநாள் இரவு நாடு முழுமைக்கும் 21 நாள் ஊரடங்கு என்ற அறிவிப்பும் வந்தது. என்னுடைய பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு பாதியில் நின்றது. அப்பாவின் தையல் இயந்திரமும் நின்றது. எல்லையில் காவல் போடப்பட்டது. நேற்றுவரை சைக்கிளில் போய்வந்த களியக்காவிளை, திடீரென்று அயல்நாடு போல ஆகிவிட்டது. அறிவிப்பு வந்த அன்றே அப்பா சந்தைக்கு ஓடிப்போய்க் கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதிக்கு மீன் வாங்கி வந்தார். சாளையும் அயலையுமாக நான்கு கிலோ. "பெட்டி இருக்கிறது, பயமில்லை" என்றார். கழுவிக்கூடப் பார்க்காமல், ஒரே பையில் கட்டி, உறைபகுதிக்குள் திணித்துக் கதவை மூடினோம். மூன்று வாரத்துக்குக் கவலை தீர்ந்தது என்று நிம்மதியாக உறங்கினோம்.

ஏப்ரல் மாதத்தில் கோடைமழை வந்தது. காற்றில் மரம் சாய்ந்து பிற்பகலில் நின்ற மின்சாரம் மறுநாள் காலையில்தான் திரும்பியது. இடையில் மீன் என்னவாயிற்றோ என்று ஆளுக்கொரு முறை கதவைத் திறந்து பார்த்தோம். விடியும்போது மீன் துவண்டு, பையில் நீர் தேங்கியிருந்தது. மின்சாரம் வந்தது, மீன் மறுபடியும் கல்லாக இறுகியது. கல்லாக இறுகிய மீன் நல்ல மீன் என்று நாங்களும் நம்பிவிட்டோம்.

மூன்று நாள் கழித்து அயலைக் குழம்பு வைத்தார்கள். உண்டு அரைமணி நேரம் ஆகவில்லை; தம்பியின் முகமும் கழுத்தும் நெருப்புப்போல் சிவந்தன. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, உடலெங்கும் அரிப்பு. எந்த நோயும் கொரோனாவாகத் தோன்றிய காலம் அது. அம்மா அழுதார்கள். வெளியே சொன்னால் வீட்டையே அடைத்துவிடுவார்களோ என்று அப்பா அஞ்சினார். இறுதியில் ஆஷாப் பணியாளர் ஒருவர் வழியாக ஒரு மருத்துவருடன் தொலைபேசியில் பேசினோம். அவர் காய்ச்சலைப் பற்றிக் கேட்டுவிட்டு, "என்ன சாப்பிட்டான்? அந்த மீன் எப்போது வாங்கியது? இடையில் மின்சாரம் நின்றதா?" என்று கேட்டார். மருந்து சொன்னார். இரவுக்குள் தம்பி தெளிந்துவிட்டான். அவருடைய அந்தக் கேள்விகள் மட்டும் என்னை விடவில்லை. நான் நுண்ணுயிரியல் படிக்க வந்ததற்கு அவையும் ஒரு காரணம்.

நடந்தது இதுதான். அயலை, சாளை, சூரை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக உண்டு. மீன் குளிரின்றிக் கிடக்கும்போது சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் என்னும் பொருளாக மாற்றிவிடுகின்றன. ஒவ்வாமையின்போது நம் உடம்பில் சுரந்து தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும் பொருளும் இதுவே. ஹிஸ்டமின் ஒருமுறை உண்டாகிவிட்டால் அதை மீண்டும் உறையவைத்தும் அழிக்க முடியாது. கொதிக்கவைத்தும் அழிக்க முடியாது. எவ்வளவு நேரம் குழம்பு கொதித்தாலும் பாக்டீரியா சாகுமே ஒழிய, அது விட்டுச்சென்ற நஞ்சு நிற்கும். கெட்டதை மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். ஹிஸ்டமின் மிகுந்த மீன் நாற்றமின்றி நல்ல மீனைப் போலவே இருக்கக்கூடும்.

அப்படியானால் குளிர் என்னதான் செய்கிறது? குளிர் நுண்ணுயிர்களைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. இந்த ஒன்றை நன்றாக மனத்திற்கொள்ள வேண்டும். 5 டிகிரி சென்டிகிரேடுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பமே அவற்றுக்கு உகந்த காலம். வசதியான சூழ்நிலையில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 8 மணி நேரத்தில் 24 முறை இரட்டித்தால், ஒரே ஒரு பாக்டீரியா 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் பெருகிவிடும். அதன்பின் மின்சாரம் வந்தால் அந்தக் கோடியும் உறங்கும். மறுமுறை இளகும்போது கோடியாகவே விழிக்கும்.

உறைபகுதியில் இருக்கவேண்டிய வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரி. ஒற்றைக் கதவுள்ள சிறிய பெட்டிகளில் உறைபகுதி பல வேளைகளில் இந்த அளவை எட்டுவதில்லை. நாங்கள் செய்தது போல நான்கு கிலோவை ஒரே கட்டாகத் திணித்தால், வெளிப்புறம் இறுகினாலும் நடுப்பகுதி நெடுநேரம் குளிராமல் கிடக்கும். மெதுவாக உறையும்போது நீர் பெரிய பெரிய பனிக்கட்டிகளாகி, தசையின் உயிரணுச் சவ்வுகளைக் கிழிக்கிறது. இளகும்போது சாறு வடிந்து மீன் சக்கையாகிறது. விரைந்து உறைந்தால் பனிக்கட்டிகள் சிறியனவாக இருக்கும். 1912-இல் லாப்ரடோருக்குச் சென்ற கிளாரன்ஸ் பேர்ட்சை என்னும் அமெரிக்கர், அந்நாட்டு மக்கள் கடுங்குளிரில் பிடித்த மீன் நொடியில் உறைவதையும், மாதங்கள் கழித்தும் சுவை குன்றாதிருப்பதையும் கண்டு, அதிலிருந்தே விரைவுறைவு முறையை உருவாக்கினார். வீட்டில் நாம் செய்யக்கூடியது எளிது. மீனை உடனே வெட்டிக் கழுவி, ஒருவேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, தட்டையான சிறு பொதிகளாக்கி, தேதியை எழுதி அடுக்க வேண்டும். முதலில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். இளக வைப்பதும் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டிலேயே நடக்கவேண்டும்; அடுக்களை மேடையில் அன்று.

மின்சாரம் நின்றால் செய்யவேண்டிய முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பதே. கதவைத் திறக்கக்கூடாது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராம் நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்வதற்கோ ஒரே கலோரி போதும். ஆகவே உள்ளே பனிக்கட்டி எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நேரம் குளிர் தாங்கும். நிறைந்திருக்கும் தனி உறைபெட்டி, கதவு திறக்காவிடில், ஏறத்தாழ 48 மணி நேரம் குளிர் காக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். சாதாரணக் குளிர்ப்பகுதி 4 மணி நேரமே தாங்கும். எங்கள் வீட்டிலுள்ளது போன்ற சிறிய உறைபகுதியிடம் இவ்வளவு எதிர்பார்க்க இயலாது. உறைபகுதியில் வெற்றிடம் இருந்தால் புட்டிகளில் நீர் நிரப்பி வைப்பது நன்று; நீர் உறையும்போது விரியுமாதலால் முக்கால் பங்கு மட்டுமே நிரப்ப வேண்டும்.

நாம் வீட்டில் இல்லாதபோது மின்சாரம் நின்று வந்ததா என்பதை அறிய ஒரு சிறு உபாயம் உண்டு. ஒரு கிண்ணத்து நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் அச்சமில்லை. அடியில் புதைந்திருந்தால் பனிக்கட்டி உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அப்பொழுது மீனையும் இறைச்சியையும் விலை பார்க்காமல் எறிந்துவிடுவதே அறிவு.

இனிக் குதிருக்கு வருவோம். தம்பி தேறிய மறுநாள் ஆச்சி என்னிடம் கேட்டார்கள்: "கரண்டு இல்லாட்டா உன் பெட்டி வெறும் பெட்டிதானே பிள்ளே?" அதற்கு என்னிடம் விடை இல்லை. அந்த ஏப்ரலில் கேரள அரசு எல்லா ரேஷன் அட்டைக்காரர்களுக்கும் விலையின்றிப் பொருள் கொடுத்தது. பதினேழு வகைப் பொருள் கொண்ட பை அது. உப்பு, சர்க்கரை, சிறுபயறு, கடலை, ரவை, ஆட்டா, தேயிலை, கடுகு, மஞ்சள்தூள், எண்ணெய் என்று அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். அவற்றில் ஒன்றுக்கேனும் குளிர்ப்பெட்டி தேவைப்படவில்லை. பெருங்கூட்டத்தைக் காக்கவேண்டிய வேளையில் நம்பத்தக்கது உலர்ந்த உணவே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

குளிர் நுண்ணுயிரை உறங்க வைக்கிறது என்றால், வறட்சி அதற்குக் குடிநீரையே மறுக்கிறது. உணவில் நீர் இருந்தால் மட்டும் போதாது. அந்த நீர் நுண்ணுயிருக்குக் கிடைக்கும் நிலையிலும் இருக்கவேண்டும். தூய நீரை 1 என்று கொண்டு இந்த அளவைக் கணக்கிடுகிறார்கள். 0.9-க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளரமாட்டா, 0.6-க்குக் கீழே பூஞ்சைகூட வளராது. வெயிலில் உலர்த்துவதும், உப்பிலிடுவதும், பாகில் இடுவதும் வெவ்வேறு வழிகளில் இந்த ஒரே காரியத்தைச் செய்கின்றன.

இதை எங்கள் அடுத்த வீட்டு அம்மச்சி படிக்காமலே அறிந்திருந்தார்கள். மரச்சீனிக் கிழங்கைப் பறித்தால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். பறிக்காமல் விட்டால் மண்ணே அதற்குக் களஞ்சியம். பறித்தால், சீவி, வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டி, வெயிலில் காயவைக்க வேண்டும். மலையாளத்தில் வாட்டுக்கப்பை என்பார்கள். கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சின் பெரும்பகுதியும் இதனால் நீங்குகிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இக்கிழங்கைப் பரப்ப முயன்றார். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூர் ஏழைகளின் பசியைத் தாங்கியது இந்த மரச்சீனிதான். நெய்யாற்றின்கரைப் பக்கத்து முதியவர்களுக்குக் கருக்கடகம் என்றாலே பஞ்ச மாதம். மழையால் கூலியும் இல்லை, கடலில் மீனும் இல்லை. ஊரடங்கு நமக்குத்தான் புதிது. அவர்களுக்கு அது ஆண்டுதோறும் வந்த விருந்தாளி.

ஆச்சிக்கும் தம் ஊர் அறிவு உண்டு. கொத்தவரை வற்றல், சுண்டை வற்றல், மோர்மிளகாய் எல்லாம் போட்டு மண்பானையில் மூடி வைத்தார்கள். ஆனால் சூன் மாத மழை தொடங்கியதும் வற்றல் பூத்துப்போயிற்று. ஆச்சி மனமுடைந்தார்கள். குற்றம் ஆச்சியுடையதன்று, காற்றுடையது. மண்பானை மூச்சுவிடும் பாத்திரம். திருநெல்வேலியின் வறண்ட காற்றில் அது நன்மை. கொல்லயிலின் ஈரக்காற்றில் அதுவே கேடு. உலர்ந்த பொருள் ஈரத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பூத்த பகுதியைச் சுரண்டிவிட்டு உண்பதும் தவறு; சில பூஞ்சைகள் விடும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். மறு ஆண்டு அம்மச்சியின் அறிவுரைப்படி இடவப்பாதிக்கு முன்பே காயவைத்து, காற்றுப் புகாத தகரடப்பாவில் அடைத்தோம். அவ்வாண்டு ஒன்றும் பூக்கவில்லை. குடிபெயர்ந்து வந்தவர்கள் பழைய ஊரின் அறிவைக் கைவிட வேண்டியதில்லை. புது ஊரின் காற்றைக் கேட்டு அதைத் திருத்திக்கொண்டால் போதும்.

எவ்வளவு சேர்ப்பது? அச்சத்தில் வாங்காமல் கணக்கில் வாங்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்றால் எங்கள் ஐவருக்கு ஒன்றரைக் கிலோ. 14 நாளுக்கு 21 கிலோ. இப்படியே பருப்புக்கும் எண்ணெய்க்கும் கணக்கிடலாம். இதற்குமேல் வாங்கிக் குவிப்பவர், அன்றாடக் கூலியில் அன்றன்றே அரிசி வாங்கும் அண்டை வீட்டாரின் பங்கையும் சேர்த்தே வாங்குகிறார். குளிர்ப்பெட்டியில் வைப்பது சில நாளைக்கான சுவைக்கு. தகரடப்பாவில் வைப்பது பல நாளைக்கான உயிருக்கு. இவ்விரண்டையும் இடம் மாற்றியதுதான் எங்கள் வீட்டில் நடந்த பிழை.

விடுதியில் தங்கிப் படிக்கும் நண்பர்களே! நம் விடுதிக் குளிர்ப்பெட்டியிலும் ஊரிலிருந்து வந்த மீன் பொதிகள் பெயரும் தேதியும் இல்லாமல் கிடக்கின்றன. ஒரு துண்டுத் தாளும் ஒரு நாணயமும் இருந்தால் போதும், இன்றைக்கே தொடங்கலாம். அடுத்த நோய்க்காலம் எப்போது வருமென்று யாரும் சொல்ல இயலாது. வரும்போது நம் வீடுகளில் அச்சம் குறைவாகவும் அறிவு மிகுதியாகவும் இருக்கச் செய்வோமாக.