ஓர் ஒலியில் எத்தனை ஆடுகள்?

வகுப்பில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்துவிட்டு, ‘தி ஷீப் ஜம்ப்ஸ் ஓவர் தி ஃபென்ஸ்’ என்று ஒருமுறை சொல்லுங்கள். கேட்டதைப் படமாக வரைய வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. வேலி வந்துவிடும், ஆடும் வந்துவிடும். ஆனால் எத்தனை ஆடு? ‘ஷீப்’ என்ற சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. ‘தி’ என்பதும் அப்படியே. எண்ணிக்கையைச் சொல்வது வினைச்சொல்லின் வாலில் ஒட்டியிருக்கும் அந்த ‘ஸ்’ மட்டுமே. அது இருந்தால் ஓர் ஆடு. அதை எடுத்துவிட்டு ‘ஜம்ப்’ என்று சொன்னால் ஒரு மந்தையே வேலியைத் தாண்டுகிறது.

தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் இரண்டும் ஐந்துமாகக் கலந்து கிடக்கும். விதி என்ன என்று கேட்டால் அதே பிள்ளைகள் பிசகாமல் சொல்வார்கள்: ஹீ, ஷீ, இட் வந்தால் வினையோடு எஸ் சேர்க்க வேண்டும். விதி மனப்பாடம். காதுக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை.

இதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளுக்கே இது எளிதில் வருவதில்லை. அமெரிக்காவில் வேலரி ஜான்சன், ஜில் டி வில்லியர்ஸ், ஹாரி சீமோர் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்குப் படங்களைக் காட்டி ‘தி பெங்குவின் ஸ்விம்ஸ்’, ‘தி பெங்குவின்ஸ் ஸ்விம்’ என்பது போன்ற வாக்கியங்களைச் சொன்னார்கள். இரண்டாவது வாக்கியத்தில் பெங்குவினோடு சேர்ந்த ‘ஸ்’ அடுத்த சொல்லின் ‘ஸ்’ஸோடு கலந்து காணாமல் போய்விடும். மிச்சமிருக்கும் துப்பு வினைச்சொல்லின் முடிவு மட்டும்தான். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளால் அதைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. ஐந்து, ஆறு வயதுக்காரர்களுக்குத்தான் அது துப்பாகப் பயன்பட்டது. தாய்மொழியாளர்களே பேச்சில் இயல்பாகச் சேர்க்கும் ஓர் ஒலியைக் கேட்டுப் பொருள்கொள்ள இவ்வளவு காலம் ஆகிறது.

ஏன்? அந்த ‘ஸ்’ பெரும்பாலும் சும்மா இருக்கும் ஒலி. ஆங்கில வாக்கியத்தில் எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டும். ‘மை சிஸ்டர்’ என்றதுமே ஒருத்தி என்பது தெரிந்துவிடுகிறது, பின்னால் வரும் ‘ஸ்’ புதிதாக எதையும் சொல்வதில்லை. தமிழில் நிலைமை வேறு. ‘வந்தாள்’ என்ற ஒரே சொல்லில் காலம், பால், எண் எல்லாம் வந்துவிடுகின்றன. ‘அவள்’ என்பதை விட்டுவிட்டும் பேசலாம். விகுதியைக் கேட்டே ஆளைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் தமிழ்ப் பிள்ளையின் காதுக்கு உண்டு. ஆங்கிலத்தில் அந்தக் காதுக்கு வேலை கொடுக்கும் வாக்கியங்கள் அரிதாகவே வருகின்றன.

இரண்டாம் மொழி கற்றலை ஆராய்ந்த பில் வான்பாட்டன் இதை ஒரு கொள்கையாகவே சொன்னார். ஒரே செய்தி ஒரு முழுச் சொல்லிலும் இருந்து, இன்னொரு சொல்லின் முடிவிலும் இருந்தால், கற்பவரின் மனம் முழுச் சொல்லையே பற்றிக்கொள்ளும். ‘யெஸ்டர்டே’ என்று தொடங்கும் வாக்கியத்தில் ‘ப்ளேட்’ என்பதன் கடைசி ‘ட்’டை யாரும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நூறுமுறை கேட்டாலும் அது காதைத் தாண்டி உள்ளே போகாது. ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்று ஆண்டுக்கணக்கில் பேசுகிறவர்கள் இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகு திருத்திக்கொள்ள எந்த நெருக்கடியும் இல்லை.

இலக்கண விளையாட்டின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அந்த முழுச் சொல்லை உருவிவிட வேண்டும். ஆசிரியர் ‘யெஸ்டர்டே’, ‘எவ்ரி டே’ எதுவும் இல்லாமல் ‘தே ப்ளேட் அவுட்சைட்’, ‘தே ப்ளே அவுட்சைட்’ என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார். முடிந்துபோனது என்றால் வலப்பக்கச் சுவர், வழக்கமாக நடப்பது என்றால் இடப்பக்கச் சுவர். பிள்ளைகள் ஓடுகிறார்கள். இப்போது அந்தச் சின்ன ‘ட்’டைத் தவிர வேறு துணை கிடையாது. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு: வினைக்கு அடுத்த சொல் உயிரொலியில் தொடங்க வேண்டும். ‘வாக்ட் டு ஸ்கூல்’ என்றால் இரண்டு ஒலிகளும் ஒட்டிக்கொண்டு, ஆங்கிலேயர் காதிலேயே வித்தியாசம் மங்கிவிடும்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய லெஸ்டர் லோஷ்கியும் ராபர்ட் ப்ளே-வ்ரோமனும் 1993இல் எழுதிய கட்டுரையில் இதற்கு மூன்று படிகள் வகுத்தார்கள். சில பயிற்சிகளில் ஓர் இலக்கண வடிவம் இயல்பாக வரக்கூடும், வராமலும் போகலாம். சிலவற்றில் அது இருந்தால் வேலை எளிதாகும். சிலவற்றில் அது இல்லாமல் வேலையே நடக்காது. மூன்றாவது வகையை உருவாக்குவதுதான் கடினம், பயன் மிகுந்ததும் அதுதான். வகுப்பறை விளையாட்டு எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி இது: இலக்கணத்தைத் தவறாகச் சொல்கிற பிள்ளையும் இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது நல்ல விளையாட்டாக இருக்கலாம், இலக்கண விளையாட்டு ஆகாது. பரமபதக் கட்டத்தில் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விகளை எழுதிவைப்பது பல வகுப்புகளில் நடக்கிறது. அங்கே பிள்ளையை ஏணியில் ஏற்றுவது தாயக்கட்டைதான். ‘இன்’னா ‘ஆன்’னா என்ற கேள்வி ஆட்டத்தின் நடுவே கட்ட வேண்டிய சுங்கமாக நிற்கிறது.

மூன்றாவது வகைக்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம் ‘அலிபை’ விளையாட்டு. நேற்று இரவு எட்டு மணிக்கு ஊரில் ஒரு திருட்டு நடந்துவிட்டது. சந்தேகத்துக்குரியவர்கள் இரண்டு பேர். அந்த நேரத்தில் தாங்கள் இருவரும் வேறோர் இடத்தில் ஒன்றாக இருந்ததாக அவர்கள் சொல்லப் போகிறார்கள். வகுப்புக்கு வெளியே போய்ச் சில நிமிடங்களில் கதையைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற எல்லாரும் போலீஸ், உள்ளே உட்கார்ந்து கேள்விகள் தயாரிக்கிறார்கள். பிறகு ஒருவரை மட்டும் அழைத்து விசாரணை. அவர் முடித்ததும் மற்றவர். இரண்டு பேர் சொல்வதிலும் முரண் இருந்தால் குற்றவாளிகள்.

ஓட்டலில் சாப்பிட்டோம் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் மின்சாரம் போனபோது? சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்கிறார் முதலாமவர், ‘வீ வேர் ஈட்டிங்’. சாப்பிட்டோம் என்கிறார் இரண்டாமவர், ‘வீ ஏட்’. அதன்படி மின்சாரம் போன பிறகுதான் சாப்பிடத் தொடங்கினார்கள் என்று ஆகிறது. போலீஸ் தரப்பு இந்த விரிசலில் விரலை நுழைத்துவிடும். பில் கட்டியது யார், வெளியே மழை பெய்துகொண்டிருந்ததா, எதிர் மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேள்விகள் பறக்கும். இறந்தகாலத்தின் இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் நேர்க்கோடு போட்டு விளக்குவதுண்டு. இங்கே அதே வேறுபாடு ஒருவரைச் சிறைக்கு அனுப்புகிறது. விளையாடுகிற யாருக்கும் அது அற்ப விஷயமாகத் தெரியாது.

இன்னொன்று வாக்கிய ஏலம். மரியோ ரின்வொலுக்ரியின் ‘கிராமர் கேம்ஸ்’ என்ற நூல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக 1984இல் வந்த பிறகு உலகமெங்கும் ஆசிரியர்கள் எடுத்தாண்ட ஆட்டங்களில் ஒன்று இது. பலகையில் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள், சில சரி, சில பிழை. ஒவ்வோர் அணிக்கும் கற்பனைப் பணம். சரியான வாக்கியங்களை ஏலத்தில் எடுக்க வேண்டும், பிழையை வாங்கினால் பணம் போச்சு. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்பதற்கு விலை ஏறிக்கொண்டே போகும். ‘ஷீ சஜஸ்டட் தட் ஹீ கோ ஹோம்’ என்பதைச் சீந்த ஆள் இருக்காது. முன்னது பிழை, ‘யெஸ்டர்டே’ வந்துவிட்டால் ‘ஐ சா’ என்றுதான் வர வேண்டும். பின்னது சரி, ‘சஜஸ்ட்’ போன்ற வினைகளுக்குப் பின்னால் ‘ஸ்’ இல்லாத ‘கோ’ வரலாம்.

பணத்தை ஏன் உள்ளே கொண்டுவர வேண்டும்? கையை உயர்த்திச் சரி, தவறு என்று சொன்னால் போதாதா? இதற்கு நல்ல பதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வொன்றில் இருக்கிறது. பிராடி பட்டர்ஃபீல்டும் ஜேனட் மெட்காஃபும் பொது அறிவுக் கேள்விகள் கேட்டு, ஒவ்வொரு பதிலிலும் எவ்வளவு நம்பிக்கை என்பதையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு சரியான விடையைச் சொல்லிவிட்டு, மீண்டும் சோதித்தார்கள். அரைமனதாகச் சொன்ன தவறைவிட, அடித்துச் சொன்ன தவறுதான் எளிதில் திருந்தியது. ஊறிப்போன தவறு திருந்தாது என்றுதான் நாம் எதிர்பார்ப்போம், 2001இல் வெளியான முடிவு அதற்கு நேர் எதிர். தூக்கிவாரிப்போட்ட மனம் சரியான விடையை விழிப்போடு வாங்கிக்கொள்கிறது. ஆய்வு பொது அறிவைப் பற்றியது என்றாலும், ஏலத் தொகை என்பது அந்த நம்பிக்கையின் அளவுதானே? கையிருப்பு முழுவதையும் ஒரு வாக்கியத்தின் மேல் வைத்து இழந்த அணிக்கு அது ஏன் பிழை என்ற விளக்கத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே விடையை உடனுக்குடன் சொல்லிவிட வேண்டும், எல்லா வாக்கியமும் விற்று முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஏலம் பிழையைக் கண்டுபிடிக்கப் பழக்கும். வாக்கியத்தைத் தானே கட்டுவது வேறு திறன். கனடாவில் பிரெஞ்சு மொழியிலேயே பாடங்களைப் படித்த ஆங்கிலக் குழந்தைகளை மெரில் ஸ்வெய்ன் கவனித்தார். ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கேட்டு அவர்களுடைய புரிதல் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு நெருக்கமாக வந்துவிட்டது, பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் மட்டும் பின்தங்கியே இருந்தது. கேட்பதற்குப் பாதி இலக்கணம் போதும், சொல்வதற்குத்தான் முழுதும் தேவை என்பதை அவர் 1985இல் வாதமாக முன்வைத்தார். அதற்குப் பொருத்தமான ஆட்டத்தை ஆஸ்திரேலியாவின் ரூத் வாஜ்ன்ரிப் 1990இல் ஒரு நூலாகவே எழுதினார். ஆசிரியர் ஒரு சிறு பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசிக்கிறார். சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ள நேரம் கிடைக்காது. பாய், டாக், பைட் என்று துண்டு துண்டாகத்தான் கையில் சிக்கும். பிறகு குழுவாக உட்கார்ந்து பத்தியை மீட்டெடுக்க வேண்டும். பையனை நாய் கடித்ததா, நாயைப் பையன் கடித்தானா? கையில் இருக்கும் மூன்று சொற்களும் அதைச் சொல்லவில்லை. ‘பையன்’ என்று தொடங்கிவிட்டால் ‘வாஸ் பிட்டன் பை’ இல்லாமல் கரை சேர முடியாது. அந்த இடத்தில் குழுவுக்குள் நடக்கும் வாக்குவாதம்தான் பாடம்.

இந்தச் சிந்தனையின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் அன்றைய மெட்ராஸிலும் பள்ளி வகுப்புகளில் ஒரு துணிச்சலான சோதனை நடத்தினார். இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கையில் கொடுத்து, இன்ன நேரத்துக்குப் பிறகு புறப்பட்டு இன்ன நேரத்துக்குள் போய்ச் சேர எந்த வண்டி சரி என்று யோசிக்க வைப்பார்கள். தெரிந்ததை இன்னொருவருக்குக் கடத்துவதைவிட, தெரிந்ததிலிருந்து தெரியாததைத் தருவிக்கும் புதிர்களையே அவர் உயர்வாக மதித்தார். குழு விளையாட்டில் அவருக்கு நம்பிக்கை குறைவு. பிள்ளைகள் தங்களுக்குள் அரைகுறை ஆங்கிலம் பேசி அதிலேயே நிலைத்துவிடுவார்கள் என்று அஞ்சினார். ஆசிரியர் முன்னின்று வகுப்பு முழுவதையும் ஒரே புதிரில் இழுத்துப் போவதே அவர் வழி. ஐம்பது பேர் அடைந்து கிடக்கும் வகுப்புக்கு இன்றும் இதைவிட ஏற்ற யோசனை எனக்குத் தெரியவில்லை. பெரெட்டா, டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் இந்தச் சோதனையைப் பற்றி 1985இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புதிர் வழிப் பிள்ளைகள் புதிர்த் தேர்விலும், வழக்கமான வழிப் பிள்ளைகள் இலக்கணத் தேர்விலும் மேலே நின்றார்கள். இலக்கணத்தை அறவே ஒதுக்கிய பிரபுவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இலக்கணமே திறவுகோலாக இருக்கும் புதிரைப் போட்டால் இரண்டு தேர்வுக்கும் ஆகும் என்பது என் கட்சி.

எந்த விளையாட்டும் எல்லா நாளும் பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மன் கற்ற இத்தாலியக் குழந்தைகளை ஆராய்ந்த மான்ஃபிரெட் பீனெமான், வாக்கியச் சொல்வரிசை படிப்படியாகத்தான் வரும், பாடம் நடத்தி ஒரு படியைத் தாண்ட வைக்க முடியாது என்று 1984இல் காட்டினார். ஆங்கிலக் கேள்வியிலும் படிகள் உண்டு. விசாரணையில் ஒரு பிள்ளை ‘வாட் யூ ஈட்?’ என்று கேட்கும். இன்னொரு பிள்ளை ‘வாட் யூ வேர் ஈட்டிங்?’ என்னும். இரண்டும் பிழை, ஆனாலும் ஒரே பிழை அல்ல. பின்னவள் ‘வேர்’ரைக் கொண்டுவந்துவிட்டாள், அதை முன்னே நகர்த்துவதுதான் பாக்கி. ‘வாட் வேர் யூ ஈட்டிங்?’ என்று காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வாள். முன்னவனுக்கு அதற்கு இன்னும் நாள் ஆகும்.

அதனால் விசாரணை நடக்கும்போது ஆசிரியர் குறுக்கிடாமல் பின்வரிசையில் நின்று கேள்விகளைக் குறித்துக்கொள்வது நல்லது. தீர்ப்பு வந்த பிறகு நான்கைந்தை மட்டும் பலகையில் எழுதித் திருத்தலாம். ஒரு வாரம் கழித்து வேறு இரண்டு பேரை வெளியே அனுப்பி, இன்னொரு திருட்டை விசாரிக்கலாம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரத்தில் 42 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்களிடம் 56 சதவீதம் இருந்தது. ஆகவே இரண்டாவது விசாரணையின்போது பலகை காலியாக இருக்கட்டும்.