14 என்ற எண்ணும் ஒரு கேள்வியும்

ஒரு கோலைத் தலைக்கு மேல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, குதிகால் எழாமல் ஆழமாகக் குந்த முடியுமா? இயன்முறை மருத்துவம் படிக்கும் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

அமெரிக்காவின் கிரே குக், லீ பர்ட்டன் உருவாக்கிய ‘ஃபங்ஷனல் மூவ்மெண்ட் ஸ்கிரீன்’ முறையில் இதுபோல் 7 அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளிகள், மொத்தம் 21. வலித்தால், எவ்வளவு அழகாகச் செய்தாலும் 0தான்.

குதிகால் எழுந்துவிட்டால், அதற்கடியில் பலகை வைத்து மீண்டும் குந்தச் சொல்வோம். இப்போது முடிந்தால் 2 புள்ளி. கணுக்கால் போதிய அளவு மடங்காதது காரணமாக இருக்கலாம் என்ற தடயமும் கிடைக்கும். பலகை இருந்தும் முட்டிகள் உள்நோக்கிச் சரிந்தால், இடுப்பின் நிலைத்தன்மையைப் பார்க்க வேண்டும். இருவருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது.

கூட்டுத்தொகை இதையெல்லாம் மறைத்துவிடுகிறது. 14 அல்லது அதற்குக் குறைவாக எடுத்தவர்களுக்குக் காய அபாயம் அதிகம் என்றது 2007ல் வெளியான ஆய்வு. ஆராயப்பட்டவர்கள் 46 பேர். அனைவரும் தொழில்முறை அமெரிக்கக் காற்பந்து வீரர்கள். (நம் திடல்களில் ஆடும் காற்பந்து அல்ல!) பின்னர் வந்த பல ஆய்வுகளில் அந்தத் தொடர்பு பலவீனமாகவே இருந்தது. 13 எடுத்த உயர்நிலைப்பள்ளி மாணவியை அந்த எண்ணுக்காக அணியிலிருந்து நீக்குவது நியாயமே இல்லை.

நான் அஞ்சுவது 0 வராமல் போவதற்குத்தான். அணியில் இடம் போய்விடுமோ என்று பயப்படுபவர், “வலிக்கிறதா?” என்றால் “இல்லை” என்றுதான் சொல்வார். அதனால் கேட்கும்போது முட்டியைவிட முகத்தையே பார்க்கிறேன்.