உங்க ஊர்ப் பாட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு!

சோப்பு, பிஸ்கட் பாக்கெட்டுகளில் இருக்கும் கறுப்புக் கோடுகளைத் தினமும் பார்க்கிறோம். 1974 ஜூன் 26-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் தொடங்கிய அந்த பார்கோடு, பின்னர் கேசட், சி.டி அட்டைகளுக்கும் வந்தது. இப்போது கேசட் இல்லை, கடையும் இல்லை. ஆனால் எண் மட்டும் போகவில்லை!

கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கூத்துக் கலைஞரோ, கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் நடவுப் பாட்டுப் பாடும் பாட்டியோ, யாருடைய பாட்டு ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் போன்ற தளங்களுக்குப் போனாலும் அதற்கு இரண்டு எண்கள் தேவை.

ஆல்பத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று

முதலாவது பார்கோடு எண். இது ஆல்பம் முழுவதற்கும் ஒன்றுதான். ஒரே ஒரு பாட்டை வெளியிட்டாலும் இது உண்டு.

இரண்டாவது ஐ.எஸ்.ஆர்.சி. இது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனித்தனி. மொத்தம் 12 இடங்கள்: முதல் ஐந்து, எண்ணை வழங்கியவரைக் குறிக்கும், அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி ஐந்து வரிசை எண். இந்தியாவில் இதை நிர்வகிப்பது இந்திய இசைத்துறை அமைப்பான ஐ.எம்.ஐ.

அதே பாட்டை மறுபடி புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் புது எண். பழைய பதிவையே வேறொரு ஆல்பத்தில் சேர்த்தால் பழைய எண்ணேதான். விநியோக நிறுவனத்தை மாற்றும்போது இந்த எண்ணையும் கொண்டுபோக வேண்டும். விட்டுவிட்டால், இதுவரை கேட்டவர்களின் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடலாம்.

எண் இருந்தால் உரிமை வந்துவிடுமா?

வராது. இது வீட்டுக் கதவு எண் மாதிரி, பட்டா அல்ல. பணம் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். வீடு யாருடையது என்று அது சொல்லாது.

சிக்கல் இங்கேதான். பாட்டி பாடியதை யாரோ ஒருவர் செல்போனில் பிடித்து, 'பாடல், இசை' என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டு ஏற்றிவிட்டால், எண் அவர் கணக்கில்தான் ஒட்டிக்கொள்ளும். தலைமுறைகளாக மலை மக்கள் பாடிவந்த பாட்டு, ஒரே இரவில் ஒருவரின் 'படைப்பு' ஆகிவிடும். பாட்டியின் பெயர் எங்கேயும் இருக்காது.

பாட்டு பழையதாக இருந்தாலும், பாடிய குரலுக்குச் சட்டத்தில் தனி உரிமை உண்டு. நிகழ்த்துபவரின் உரிமைக்கு 50 ஆண்டு பாதுகாப்பு. வணிகப் பயன்பாட்டில் அவருக்கும் ராயல்டி பங்கு உண்டு என்று 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஏற்றும் முன் இதைச் செய்யுங்கள்

* பாடியவர், வாத்தியம் வாசித்தவர் பெயர்களை விடாமல் எழுதுங்கள்.
* எழுதியவர் தெரியாத பழைய பாட்டு என்றால் 'பாரம்பரியப் பாடல்' என்றே குறிப்பிடுங்கள்.
* வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பதிவுக்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.
* பல விநியோக நிறுவனங்கள் இந்த இரண்டு எண்களையும் தனிக் கட்டணமின்றியே தருகின்றன. இடைத்தரகரிடம் பணம் கொடுக்கும் முன் விசாரியுங்கள்.
* கிடைத்த எண்களை நோட்டில் குறித்து வையுங்கள்.
* சொந்தமாக எழுதி இசையமைப்பவர்கள் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம். 1969 முதல் இயங்கும் இது, பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தருகிறது.

எண்ணைக் கம்ப்யூட்டரே கொடுத்துவிடும். பெயரைச் சரியாக எழுத வேண்டியது நாம்தான்!