பண்டித ரமாபாய்க்கு மனநிறைவு கிடைத்தது எப்படி?

மும்பையில் இருந்து ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள், புனே தாண்டியதும் கேட்காவ் என்ற சிறிய ரயில் நிலையத்தைக் கடந்து செல்கிறார்கள். அந்த ஊரில்தான், பண்டித ரமாபாய் தொடங்கிய "முக்தி" இல்லம் நூறு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடந்து வருகிறது. விதவைகளுக்கும் அனாதைக் குழந்தைகளுக்கும் அது அடைக்கலம்.

எவ்வளவோ துயரத்துக்கு இடையிலும் மன அமைதியோடு வாழ்ந்தவர், ரமாபாய். ஆனால் அந்த அமைதி அவருக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை.

18 ஆயிரம் சுலோகம்

ரமாபாய் 1858-ம் ஆண்டு, இன்றைய கர்நாடக மாநிலத்து மலைக்காட்டில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி, சமஸ்கிருத பண்டிதர். பெண்கள் சமஸ்கிருதம் படிக்கக் கூடாது என்று இருந்த காலத்தில், எதிர்ப்பை மீறி மனைவிக்குக் கற்றுக் கொடுத்தவர். தாயிடம் பாடம் கேட்ட ரமாபாய், 12 வயதுக்குள் பாகவதத்தின் 18 ஆயிரம் சுலோகங்களை மனப்பாடம் செய்தார்.

கோவில் கோவிலாகச் சென்று புராணம் படித்துப் பிழைத்த குடும்பம் அது. பஞ்சம் வந்தது. கையில் இருந்ததை எல்லாம் பூஜைக்கும் தானத்துக்கும் செலவழித்து விட்டார்கள். கூலி வேலைக்குப் போகக் கவுரவம் இடம் தரவில்லை. 1874-ல் தந்தை, தாய், அக்காள் மூவரும் சில மாதங்களுக்குள் இறந்து போனார்கள்.

அண்ணனும் தங்கையும் ஆயிரக்கணக்கான மைல் நடந்தார்கள். 1878-ல் கல்கத்தா பண்டிதர்கள் ரமாபாயின் புலமையைக் கண்டு வியந்து "பண்டிதா", "சரசுவதி" என்று பட்டம் சூட்டினர். ஆனால் 1880-ல் அண்ணன் இறந்தார். 1882-ல் கணவரைக் காலரா கொண்டு போனது. கையில் பெண் குழந்தை மனோரமா. அப்போது ரமாபாய்க்கு வயது 23.

பட்டம் இருந்தது, புகழ் இருந்தது. மனதில் மட்டும் நிறைவு இல்லை.

கிணற்றங்கரைப் பெண்

1883-ல் இங்கிலாந்து சென்றார். வழி தவறிய பெண்களைக் கன்னியாஸ்திரீகள் அன்புடன் பராமரிப்பதைப் பார்த்தார். இந்த இரக்கம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்.

அவர்கள் யோவான் நற்செய்தியைப் படித்துக் காட்டினார்கள். தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணிடம், மீண்டும் தாகம் எடுக்காத தண்ணீரைத் தருவதாக இயேசு கூறும் கதை அது. ஊரார் இழிவாக நினைத்தவளிடம் அவர் பேசிய விதம் ரமாபாயின் மனதைத் தொட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 29-ந்தேதி, மகளுடன் ஞானஸ்நானம் பெற்றார்.

மேலும் 8 ஆண்டுகள்

ஆனாலும் தாகம் தீரவில்லை! தமக்கு மதம் கிடைத்ததே தவிர, கிறிஸ்து கிடைக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

1889-ல் மும்பையில் விதவைகளுக்காக "சாரதா சதன்" பள்ளியைத் தொடங்கினார். ஓயாத வேலை. ஆனாலும் மனதில் ஏதோ குறை.

அந்தச் சமயத்தில் ஓர் ஆங்கிலப் பாதிரியாரின் நூல் கையில் கிடைத்தது. பல காலம் பிரசங்கம் செய்த பிறகுதான் தனக்கே உண்மையான விசுவாசம் வந்தது என்று அவர் எழுதி இருந்தார். ரமாபாய் தம்மையே கேட்டுக் கொண்டார். அறிவும் நற்செயலும் போதாது, தம்மை அப்படியே கிறிஸ்துவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உணர்ந்தார். 1891-ல், தேடிய நிம்மதி கிடைத்தது.

சோதனையிலும் அசையவில்லை

சோதனைகள் நின்றுவிடவில்லை. 1893-ல், பள்ளியில் மதம் மாற்றுகிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பெற்றோர் பலர் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். ரமாபாய் கலங்கவில்லை.

1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் போய், பட்டினியால் வாடிய நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து வந்தார். பசி என்ன என்பது அவருக்குத் தெரியும். கேட்காவில் கிணறுகள் வெட்டினார். நெசவு, தையல், அச்சுத் தொழில் கற்றுக் கொடுத்தார். உழைப்பைக் கேவலமாக நினைத்துக் குடும்பத்தையே இழந்தவர், அங்கே உழைப்பையே சோறாக்கினார். 1900-ல் அங்கே 1,500-க்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

முதுமையில், எபிரேயமும் கிரேக்கமும் படித்து, பைபிளை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். 1921-ல், தமக்குப் பின் இல்லத்தை நடத்துவாள் என்று நம்பி இருந்த மகள் மனோரமா இறந்தாள். அந்த வேதனையிலும் தாயின் கை வேலையை விடவில்லை. மொழிபெயர்ப்பை முடித்து விட்டுத்தான், 1922 ஏப்ரல் 5-ந்தேதி ரமாபாய் கண் மூடினார்.

அவருக்குக் கிடைத்த நிறைவு, துன்பம் வராமல் தடுக்கவில்லை. வந்த துன்பத்தைத் தாங்க வைத்தது. பிறர் துன்பத்தையும் சுமக்க வைத்தது.

ஊருக்குப் போகும்போது ரயில் கேட்காவைக் கடந்தால், ஒரு நிமிடம் ஜன்னல் வழியே பாருங்கள்.