அலுவலகத்தில் பாதுகாப்பு

காலையில் உணவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நம் தந்தையோ தாயோ அலுவலகம் புறப்படுகின்றனர். மாலையில் அவர்கள் நலமாகத் திரும்புவர் என்பதில் நமக்கு ஐயம் எழுவதே இல்லை. சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் பணிபுரிவோர்க்குத்தான் ஆபத்து உண்டு. மேசையும் கணினியும் உள்ள அலுவலகத்தில் என்ன நேர்ந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். இவ்வெண்ணத்தால் விளையும் கவனக்குறைவே அலுவலக விபத்துகள் பலவற்றுக்கு வித்தாகிறது.

அலுவலகத்தில் நிகழும் விபத்துகள் பெரும்பாலும் சிறிய பிழைகளிலிருந்து தோன்றுகின்றன. நடைபாதையின் குறுக்கே கிடக்கும் மின்கம்பி காலை இடறிவிடும். துடைத்த ஈரம் உலராத தரை வழுக்கிவிடும். உயரத்திலுள்ள கோப்பை எடுக்கச் சக்கர நாற்காலியின்மேல் ஏறினால், அது நழுவி ஏறியவரைக் கீழே தள்ளிவிடும். கோப்புகள் நிறைந்த இரும்பு அலமாரியின் மேல் இழுப்பறைகள் இரண்டை ஒரே வேளையில் திறந்தால், அதன் எடை முன்புறம் சாய்ந்து அலமாரியே கவிழக்கூடும். ஆகவே, ஓர் இழுப்பறையை மூடிய பின்னரே மற்றொன்றைத் திறத்தல் வேண்டும்.

மின்சாரத்தைக் கையாள்வதில் இன்னும் மிகுந்த கவனம் தேவை. வடமாநிலங்களின் குளிர்காலத்தில் அறைச் சூடேற்றி, தேநீர்க் கெண்டி, கணினி ஆகிய அனைத்தையும் ஒரே 'எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்' வழியாக இயக்குவதை நாம் காண்கிறோம். கம்பியில் பாயும் மின்னோட்டம் இரு மடங்கானால், அதில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். அவ்வெப்பத்தால் கம்பியின் மேலுறை உருகித் தீப்பற்றும். மின்சாரத்தால் பற்றிய தீயின்மேல் தண்ணீரை ஊற்றுதல் கூடாது. ஊற்றுபவர்மீதே மின்சாரம் பாய்ந்துவிடும். அச்சமின்றி எட்டக்கூடிய இடத்தில் விசை இருந்தால், முதலில் மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும். பின்னர், பயிற்சி பெற்றவர் கரியமிலவாயு நிரம்பிய தீயணைப்புக் கருவியைப் பயன்படுத்தலாம். தீ பரவிவிட்டால், அணைக்க முயலாமல் வெளியேறுவதே அறிவுடைமை.

வெளியேறுவதற்கு வழி திறந்திருத்தல் வேண்டுமல்லவா? 2010ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கொல்கத்தாவின் பார்க் தெருவிலுள்ள ஸ்டீபன் கோர்ட் என்னும் பழைய கட்டடத்தில் தீப்பற்றியது. அலுவலகங்களும் குடியிருப்புகளும் நிறைந்த கட்டடம் அது. உயிர் தப்ப விரும்பிச் சிலர் படிக்கட்டின் வழியே மேலே ஏறினர். ஆனால், மொட்டைமாடிக்குச் செல்லும் கதவு பூட்டப்பட்டிருந்தது. அவ்விபத்தில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாள்தோறும் யாரும் பயன்படுத்தாத கதவுதானே என்று பூட்டி வைப்பதும், படிக்கட்டில் பழைய பெட்டிகளை அடுக்கி வைப்பதும் எத்துணைக் கொடிய பிழைகள் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

தீ விபத்தில் நெருப்பைப் போலவே புகையும் உயிரைப் பறிக்கும். சூடான புகை மேல்நோக்கி எழும். தரையை ஒட்டிய காற்றே ஓரளவு தூயதாக இருக்கும். எனவே, புகை சூழ்ந்தால் குனிந்தோ தவழ்ந்தோ வெளியேறுதல் வேண்டும். மின்தூக்கியைப் பயன்படுத்துதல் கூடாது. மின்சாரம் நின்றால் அது இடையிலேயே நின்றுவிடும். விட்டுவந்த பொருளை எடுப்பதற்காக மீண்டும் உள்ளே செல்லுதலும் தகாது. வெளியே வந்தவுடன் 112 என்னும் அவசர உதவி எண்ணுக்குத் தகவல் தெரிவித்தல் வேண்டும்.

இந்தியாவில் தேசியப் பாதுகாப்புக் குழுமம் 1966ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அந்நாளே ஆண்டுதோறும் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. எனினும், பாதுகாப்பு என்பது ஒரு நாள் விழாவன்று; அது அன்றாடப் பழக்கம். பாதுகாப்பான பணியிடத்தை அமைத்துத் தருவது நிறுவனத்தின் கடமை. அங்குள்ள குறையைக் கண்டவுடன் எடுத்துக் கூறுவது பணியாளரின் கடமை. 'நமக்கென்ன?' என்று ஒருவர் கடந்து செல்லும் மின்கம்பியில்தான் அடுத்து வருபவர் இடறி விழுகிறார்.

மாணவர்களே! இன்று மாலை உங்கள் பெற்றோரிடம், "உங்கள் அலுவலகத்தில் அவசர வழி எங்கே உள்ளது?" என்று கேளுங்கள். அவர்களுக்கு விடை தெரியவில்லையெனில், நாளையே அறிந்துவரச் சொல்லுங்கள். வீட்டில் அவர்களுக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு அவ்வாறு கேட்கும் உரிமை உண்டு.

சிந்தித்து எழுதுக

1. மின்சாரத்தால் பற்றிய தீயின்மேல் ஏன் தண்ணீர் ஊற்றுதல் கூடாது?
2. புகை சூழ்ந்த அறையிலிருந்து எவ்வாறு வெளியேற வேண்டும்? காரணம் கூறுக.
3. உங்கள் வகுப்பறையிலிருந்து பள்ளியின் திறந்தவெளிக்குச் செல்லும் வழியை வரைந்து, அவ்வழியில் உள்ள தடைகளைக் குறித்துக் காட்டுக.