ஓடி முடிச்சதும் இருமலா? ‘ஸ்டாமினா பத்தல’ன்னு விட்டுடாதீங்க!

சேலம், நாமக்கல் பக்கம் விடியற்காலையிலேயே மைதானத்திலும் சாலையோரத்திலும் ஓடிப் பழகும் பிள்ளைகள் அதிகம். சிலருக்கு ஓட்டம் முடிந்ததும் வறட்டு இருமல் வரும், நெஞ்சு இறுகும். ‘ஸ்டாமினா பத்தல, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு’ என்பதுதான் வழக்கமான பதில். ஆனால் சிக்கல் மூச்சுக்குழாயில் இருக்கலாம்.

ஓடும்போது என்ன நடக்குது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். பயிற்சி பெற்ற வீரர் முழு வேகத்தில் ஓடினால் இது 100 லிட்டரையும் தாண்டும். அதிலும் பெரும்பகுதி வாய் வழியாகவே போவதால், தூசியை வடிகட்டும் மூக்குக்கு அங்கே வேலையில்லை. பி.எம். 2.5 எனும் நுண்துகள் நுரையீரலின் ஆழம் வரை போகும். மூச்சுக்குழாய் எரிச்சலடைந்து சுருங்கினால் இருமலும் வீசிங்கும் வரும். பல நேரங்களில் ஓட்டத்தை நிறுத்திய சில நிமிடங்களில்தான் இது தெரியும்.

காலைக் காற்று சுத்தம்தானே?

எல்லா நாளும் இல்லை. சேர்வராயன் மலை, கஞ்சமலை, ஜருகுமலை என மலைகள் சூழ்ந்த ஊர் சேலம். மார்கழி, தை அதிகாலையில் தரையை ஒட்டிய குளிர்காற்று மேலே எழும்பாது. வண்டிப் புகையும் குப்பை எரித்த புகையும் அதிலேயே தங்கிவிடும். வெயில் ஏறினால்தான் கலையும். கோடை மதியத்தில் வேறு பிரச்னை: வாகனப் புகையில் வெயில் பட்டு ஓசோன் உருவாகும்.

அப்போ விளையாட வேண்டாமா?

விளையாட்டு மீது தப்பில்லை. அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியாவில் 3,535 பிள்ளைகளைக் கவனித்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஓசோன் அதிகமான ஊர்களில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விளையாட்டுகள் ஆடியவர்களுக்கு, எதுவும் ஆடாதவர்களைவிட ஆஸ்துமா வரும் வாய்ப்பு 3.3 மடங்கு இருந்தது. ஓசோன் குறைந்த ஊர்களில் இந்த வித்தியாசம் இல்லை.

என்ன செய்யலாம்?

* சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலை ஓரம் ஓடாதீங்க. லாரிப் புகைக்குத் தள்ளியுள்ள மைதானமே நல்லது.

* ‘சமீர்’ செயலியில் காற்றுத் தரக் குறியீடு பாருங்க. 200-ஐத் தாண்டினால் கடும் பயிற்சி வேண்டாம்.

* பனிமூட்டம், போகிப் புகை இருந்தால் வெயில் வந்த பிறகு ஓடலாம்.

* இருமல் திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்க. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை மூச்சுக்குழாயின் நிலையைக் காட்டும்.

இன்ஹேலர் தந்தால் ‘அவ்வளவுதான், விளையாட்டு போச்சு’ என்று பெற்றோர் பயப்பட வேண்டாம். 2003-ல் லண்டன் மாரத்தானில் உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃப்புக்கும் ஆஸ்துமா உண்டு.